காய்ச்சல் விட்ட பிறகு அட்மிஷன் எதற்கு? டெங்கு வார்டில் எதைப் பார்க்கிறார்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. திங்கட்கிழமை சாயங்காலம் காய்ச்சல் ஆரம்பித்தது. புதன்கிழமை எடுத்த கார்டு டெஸ்டில் என்.எஸ்.1 பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ். வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டது. ஆனால் சனிக்கிழமை காலை ரத்தம் பார்த்துவிட்டு உடனே அட்மிட் செய்யச் சொல்லிவிட்டார் டாக்டர். புதன்கிழமை 1,10,000 இருந்த பிளேட்லெட் இப்போது 48,000. வெள்ளணு 2,900. பி.சி.வி. 41-லிருந்து 46. எஸ்.ஜி.ஓ.டி. 180, எஸ்.ஜி.பி.டி. 95. பிளேட்லெட் ஏற்ற வேண்டாம் என்கிறார், ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். சித்தப்பா வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

உங்கள் தம்பியைப் பார்க்கும் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார். காய்ச்சல் விட்டதனால்தான் அட்மிட் செய்யச் சொல்லியிருக்கிறார். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் உடம்பு குளிர்ந்த பிறகுதான் தொடங்கும். ஆறு மணிக்கொரு முறை ரத்தம் எடுப்பதும் பிளேட்லெட்டுக்காக மட்டுமல்ல. அதே ரிப்போர்ட்டில் ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கிறது, சில லேபில் ஹீமடோக்ரிட் என்று போடுவார்கள். டாக்டரின் கண் முதலில் போவது அங்கேதான். பொது மருத்துவ வார்டில் டெங்கு நோயாளிகளைப் பார்க்கிறவன் என்ற முறையில், நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே விளக்குகிறேன். நோயாளியை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் அங்கே இருக்கும் டாக்டரின் முடிவுதான் முடிவு.

முதலில் நாள் கணக்கு. டெங்கு வார்டில் எந்த டாக்டரும் கேட்கும் முதல் கேள்வி, “காய்ச்சல் என்றைக்கு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?” என்பதுதான். பலரும் டாக்டரிடம் போன நாளிலிருந்து கணக்குச் சொல்வார்கள், அது தப்பான விடையைத் தரும். உங்கள் தம்பிக்குத் திங்கள் முதல் நாள், சனி ஆறாம் நாள். டெங்குவுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. காய்ச்சல் கட்டம் 2 முதல் 7 நாள் வரை. அது முடியும் தறுவாயில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், நெருக்கடிக் கட்டம் வரும். அது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதன் பின் தேறும் கட்டம். நெருக்கடிக் கட்டம் எல்லோருக்கும் வருவதில்லை. பெரும்பாலானவர்கள் காய்ச்சல் விட்டதும் அப்படியே தேறிவிடுகிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்தால் வெள்ளி இரவையொட்டித் தொடங்கி ஞாயிறு இரவுவாக்கில் முடியும். அந்த இரண்டு நாளைக் காவல் காக்கத்தான் இந்த அட்மிஷன்.

காய்ச்சல் கட்டத்தில் டெங்குவைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது கஷ்டம். திடீரென்று ஏறி 39, 40 டிகிரி செல்சியஸ் வரை போகும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகும் மூட்டும் கழன்றுவிடுவதுபோன்ற வலி, சிவந்த முகம், குமட்டல், வாய் கசப்பு. சளியும் இருமலும் பொதுவாகக் குறைவு. அந்தக் கட்டத்தில் படுக்கையருகே செய்யக்கூடிய பழைய சோதனை ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் நடுவில் நிறுத்தி ஐந்து நிமிடம் வைத்திருந்து, பிறகு முழங்கைக்குக் கீழே ஒரு சதுர அங்குலத்தில் பத்து அல்லது அதற்கு மேல் சிவப்புப் புள்ளிகள் வருகின்றனவா என்று எண்ணுவது. காசு செலவில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடம் யாருக்கு இருக்கிறது! நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று சொல்லவும் முடியாது.

ரத்தத்தில் முதலில் இறங்குவது பிளேட்லெட் இல்லை, வெள்ளணு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் நாள் வாக்கில் மொத்த வெள்ளணு 5,000-க்குக் கீழே வந்து, வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் குறைந்து, லிம்போசைட் விகிதம் ஏறி, ஸ்லைடில் வழக்கத்துக்கு மாறான பெரிய லிம்போசைட்டுகள் தெரிந்தால், இன்னும் ஒரு நாளில் காய்ச்சல் விடப்போகிறது, நெருக்கடிக் கட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த விதத்தில் வெள்ளணு ஒரு நாள் முன்னதாகவே தகவல் கொடுத்துவிடுகிறது. தம்பியின் 2,900 அந்த ரகம். மறுபக்கம், காய்ச்சலோடு வெள்ளணு 15,000 என்று வந்தால் டெங்குவோடு நிற்காமல் வேறு எதையாவது தேட வேண்டும்.

உங்கள் கார்டு டெஸ்டைப் பற்றி. என்.எஸ்.1 என்பது வைரஸே வெளிவிடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் கிடைக்கும், ஐந்து நாள் தாண்டினால் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஐ.ஜி.எம். என்பது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம். அது ஐந்தாம் நாள் வாக்கில்தான் பெரும்பாலானவர்களுக்குத் தலைகாட்டும், பிறகு இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும். அதனால் ஆறாம் நாள் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு என்.எஸ்.1 மட்டும் பார்த்து “டெங்கு இல்லை” என்று அனுப்புவது தப்பு. இரண்டாம் நாள் வருகிறவருக்கு ஐ.ஜி.எம். மட்டும் பார்ப்பதும் அதே தப்புதான். நம் நாட்டுத் தேசியத் திட்டம் கார்டு டெஸ்டை உறுதியான முடிவாக ஏற்பதில்லை. லேபில் விரிவாகச் செய்யும் எலிசா முறைச் சோதனையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அரசு மையங்களில் பயன்படும் ஐ.ஜி.எம். எலிசா கிட்டைத் தயாரிப்பது புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம். கார்டு பாசிட்டிவ் வந்தவரிடம் எலிசாவுக்கு மறுபடி ரத்தம் கேட்பது இதனால்தான். பணம் பிடுங்க என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் நாளிலேயே ஐ.ஜி.ஜி. (இன்னொரு வகை எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்பது கவனிக்க வேண்டிய தகவல். கார்டு டெஸ்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், தம்பிக்கு இதற்கு முன்பே ஒரு முறை டெங்கு வந்து போயிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமாலோடு கடந்துபோயிருப்பீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்டகால எதிர்ப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் அது சில மாதத்துக்கு மேல் தாங்காது. அதைவிட மோசம், பழைய எதிர்ப்புப் புரதங்கள் புதிய வகை வைரஸைச் சரியாக அழிக்காமல் அது செல்லுக்குள் நுழைய உதவிவிடுவதும் உண்டு. கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது, 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது கடுமையான நோய் பெருவாரியாக வந்தது. இரண்டாவது டெங்கு முதல் டெங்குவைவிட ஆபத்தாகக்கூடும் என்ற பேச்சு இங்கிருந்தெல்லாம் வருகிறது. நாலு தெருவுக்கு ஒரு டெங்கு வீடு இருக்கும் நம் ஊர்களில் பெரியவர்கள் பலருக்கும் இது இரண்டாவதாகத்தான் இருக்கும். எல்லோரும் சீரியஸ் ஆவதில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கவனி என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கொடுக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தப்போக்கு அல்ல, கசிவு. நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்புறம் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. வைரஸின் என்.எஸ்.1 புரதமும், வைரஸை எதிர்க்க உடம்பு அள்ளி விடும் ரசாயனங்களும் சேர்ந்து அந்தப் பூச்சைக் கெடுக்கின்றன. குழாய் உடைவதில்லை. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் அதிலுள்ள ஆல்புமின் என்ற புரதமும் வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் சேர்கின்றன. சிவப்பணுக்கள் உள்ளேயே நின்றுவிடும். ரசம் கொதித்துச் சுண்டினால் நீர் குறைந்து மீதி கெட்டியாகிறதல்லவா, அதுபோல ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டித்தன்மையை அளக்கும் எண்தான் பி.சி.வி., அதாவது மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது.

பி.சி.வி. வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் உயர்ந்தால் கணிசமான கசிவு என்பது கணக்கு. தம்பிக்குப் புதன்கிழமை 41. அதில் 20 சதவீதம் கூட்டினால் 49-ஐத் தாண்டும். இப்போது 46, அதாவது சுமார் 12 சதவீதம் ஏறியிருக்கிறது. பிளேட்லெட் வேகமாக இறங்கும்போது பி.சி.வி. இப்படி ஏறுவது எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவது, என்று சொல்லும் நிலை இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நிலையும் இல்லை. டாக்டர் அட்மிட் செய்யச் சொன்னதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பி.சி.வி.யைத் தனி எண்ணாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நம் ஊரில் ரத்தசோகை உள்ள பெண்கள் எத்தனை பேர்! ஹீமோகுளோபின் 9 உள்ள ஒரு பெண்ணுக்கு வழக்கமான பி.சி.வி. 27 வாக்கில் இருக்கும். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பி.சி.வி. கிடைத்துவிடும். அவருக்கு டெங்கு வந்து பி.சி.வி. 36 ஆகிறது. ரிப்போர்ட்டில் அது நார்மல் என்றே அச்சாகியிருக்கும், நட்சத்திரக் குறிகூட இருக்காது. ஆனால் 27-லிருந்து 36 என்றால் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், கடுமையான கசிவு. அதனால்தான் காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த ஒரு ரிப்போர்ட் தங்கம் மாதிரி. நீங்கள் புதன்கிழமை எடுத்து வைத்தது டாக்டருக்குப் பெரிய உதவி. அது இல்லாதபோது முன்னர் எப்போதோ எடுத்த ரிப்போர்ட்டையாவது தேடி எடுத்துக் கொடுங்கள்.

இறங்கும் பி.சி.வி.க்கும் இரண்டு அர்த்தம் உண்டு. நோயாளி தெளிவாக இருந்து, சிறுநீர் நன்றாகப் போய், நாடி நிதானமாகி, பி.சி.வி. இறங்கினால் கசிந்த நீர் திரும்பி வருகிறது, ஆள் தேறுகிறார். நாடி வேகமாகி, கை சில்லிட்டு, ஆள் துவண்டு, அப்போது பி.சி.வி. இறங்கினால் எங்கோ உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எண் ஒன்றுதான். முதலாமவருக்கு டிரிப்ஸ் குறைக்க வேண்டும், இரண்டாமவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சிஸ்டர் வந்து அடிக்கடி கையைத் தொட்டுப் பார்ப்பதும், நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு ஷாக்கில் மேல் அழுத்தம் முதலில் விழுவதில்லை, கீழ் அழுத்தம் ஏறுகிறது. 110/70 இருந்தவர் 100/85 ஆகிறார். “நூறு இருக்கிறதே, பரவாயில்லை” என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 40-லிருந்து 15 ஆகிவிட்டது. அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே குழந்தைகளில் ஷாக் என்றுதான் அர்த்தம். பெரியவர்களிலும் அதே எச்சரிக்கையோடுதான் பார்ப்போம். ஆள் அப்போதும் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், மொபைல்கூடப் பார்த்துக்கொண்டிருப்பார். குடும்பத்தார் “நல்லாத்தானே இருந்தார்” என்று பின்னால் சொல்வது பொய் இல்லை. மேல் அழுத்தம் விழும் நேரத்தில் மீட்பது மிகவும் கஷ்டமாகிவிடும். அதனால் அழுத்தம் பார்க்கும்போது இரண்டு எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள்.

நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவையும் சில உண்டு. விடாத வயிற்று வலி, அதுவும் வலது விலாவுக்குக் கீழே, ஒரே நாளில் மூன்று நான்கு முறை வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாத அமைதியின்மை அல்லது எழுப்பினாலும் எழ மனமில்லாத சோர்வு, மூச்சு வாங்குவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் எது இருந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே சொல்லுங்கள். பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறாகவோ அதிகமாகவோ மாதப்போக்கு வந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், பலர் சொல்வதே இல்லை.

வயிற்று ஸ்கேன் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். கசிவை நேரடியாகக் காட்டுவது அதுதான். பித்தப்பையின் சுவர் வீங்கித் தடித்திருக்கும், வயிற்றில் கொஞ்சம் நீர், நெஞ்சின் வலது பக்கம் நீர். பித்தப்பைச் சுவர் தடித்ததைப் பார்த்து ஆபரேஷன் என்று யாராவது பேசினால் டெங்குவை நினைவுபடுத்துங்கள்; அது கசிவின் வேலை, டெங்கு தீர்ந்ததும் தானே சரியாகிவிடும். ஆல்புமின் 3.5-க்குக் கீழே இறங்குவதும் கசிவுக்கான சாட்சி.

சரி, எல்லோரும் கேட்கும் பிளேட்லெட்டுக்கு வருவோம். நார்மல் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். டெங்குவில் எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைக்கிறது, இருக்கிற பிளேட்லெட்டும் ரத்தத்தில் வேகமாக அழிகிறது. எனவே இறங்குவது இந்த நோயின் இயல்பு. காய்ச்சல் விட்ட ஓரிரு நாளில் அடித்தட்டுக்குப் போய், பிறகு தானாக ஏறும், ஏறத் தொடங்கினால் வேகமாகவே ஏறும். 48,000 என்பது டெங்கு வார்டில் தினமும் பார்க்கும் எண். ஒரு ரிப்போர்ட்டில் 25,000, இன்னொரு லேபில் 18,000 என்றால் அந்த வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தம் இல்லை. மெஷின் குறைந்த எண்ணிக்கையில் அவ்வளவு துல்லியம் இல்லை. பிளேட்லெட்டுகள் குழாயில் ஒட்டிக் கொத்தாகிப்போனால் இல்லாத குறைவைக் காட்டும். அதனால்தான் நல்ல லேபில் எண்ணிக்கை மிகக் குறைந்தால் ஸ்லைடு போட்டு மனிதக் கண்ணால் ஒரு முறை சரிபார்ப்பார்கள்.

ஏற்றினால் என்ன? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த, பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 டெங்கு நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பிளேட்லெட் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. ரத்தப்போக்கைத் தடுப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அலர்ஜி, மூச்சுத்திணறல் போன்ற பக்கவிளைவுகள் ஏற்றியவர்களிடம்தான் அதிகம். ஏற்றிய பிளேட்லெட்டும் சொந்த பிளேட்லெட்டின் கதியைத்தான் அடைகிறது, சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். நம் நாட்டு வழிகாட்டுதலும் ரத்தப்போக்கு இல்லாதபோது 10,000-க்குக் கீழே போனால்தான் யோசிக்கலாம் என்கிறது. ரத்தம் நிற்காமல் போகிறது என்றால் கதை வேறு, அப்போது எண்ணிக்கைக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

டெங்கு அலை வரும் ஆண்டுகளில் ரத்த வங்கி வாசலில் நிற்கும் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி ஓட்டம் தேவையற்றது என்பது என் கருத்து. மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ரவுண்ட்ஸில் “கவுண்ட் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டுக் கேட்டு மக்களுக்கும் அதையே பழக்கிவிட்டோம்.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பிளேட்லெட் சற்று முன்னதாக ஏறுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கசிவையோ ஷாக்கையோ அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே குமட்டலில் இருக்கிறவருக்கு அந்தக் கசப்பைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால், உள்ளே போக வேண்டிய நீரும் வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் கஞ்சி, ஓ.ஆர்.எஸ்., இளநீர், மோர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் கொடுத்தால் சோடியம் குறைந்துபோகும்.

ஈரல் எண்களைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று பயந்திருப்பீர்கள். எஸ்.ஜி.ஓ.டி. 180, எஸ்.ஜி.பி.டி. 95 என்பது டெங்குவின் கையெழுத்து என்றே சொல்லலாம். வழக்கமான வைரஸ் காமாலையில் எஸ்.ஜி.பி.டி.தான் மேலே நிற்கும், டெங்குவில் எஸ்.ஜி.ஓ.டி. முந்தும். தசையிலிருந்தும் அது வெளிவருவது ஒரு காரணம். ஆயிரத்தை எட்டினால்தான் கடுமையான ஈரல் பாதிப்பு என்று தனியாக எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமாலை மட்டும் அளவோடு கொடுங்கள், டாக்டர் சொன்ன இடைவெளியைக் குறைக்க வேண்டாம். வலிக்கு என்று டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. தெருமுனை கிளினிக்கில் “காய்ச்சல் இறங்க ஒரு ஊசி” என்று போடுவது பல நேரம் டைக்ளோஃபெனாக்தான். தம்பிக்கு அட்மிஷனுக்கு முன்னால் எங்காவது ஊசி போட்டிருந்தால் அதை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் இரண்டுக்கும் டெங்குவில் நேரடி வேலை இல்லை.

ஆனால் காய்ச்சலும் குறைந்த பிளேட்லெட்டும் சேர்ந்தால் எல்லாமே டெங்கு அல்ல. தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் அதே வார்டில் ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல்), எலிக்காய்ச்சல், மலேரியா எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும். காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால் டெங்குவை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அக்குள், தொடை இடுக்கு என்று மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ். நோயாளியை முழுதாகத் திருப்பிப் பார்க்காதவர்கள் அதைத் தவறவிடுவார்கள். கெண்டைக்கால் தசை தொட்டால் வலி, மஞ்சள் கண், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்றம் என்றால் எலிக்காய்ச்சல். இவை இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து உண்டு, தாமதித்தால் உயிர் போகும். காய்ச்சல் விடாமல் ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் பல்லாயிரத்துக்கு ஏறி மூன்று வகை அணுக்களும் இறங்கினால் டெங்குவுக்குப் பின் வரும் அபூர்வமான ஒரு சிக்கலைத் தேடுவார்கள். அங்கே மட்டும் ஸ்டீராய்டுக்கு இடம் உண்டு.

டிரிப்ஸ் விஷயத்தில் டாக்டர் கஞ்சத்தனம் காட்டுவதுபோல் தோன்றலாம். டெங்குவில் குறைவாகக் கொடுப்பதும் ஆபத்து, அதிகமாகக் கொடுப்பதும் ஆபத்து. கசிவு நடக்கும்போது ஏற்றுவதில் ஒரு பங்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும்தான் போகிறது. 48 மணி நேரம் கழித்துக் கசிவு நின்று, வெளியே போன நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பும்போது, அதற்கு மேல் டிரிப்ஸும் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஷாக்கிலிருந்து தப்பியவரும் கசிவு தொடங்கிய மூன்றாம் நாள் இப்படி மூச்சுத்திணறி ஐ.சி.யூ.வுக்குப் போவதுண்டு. அதனால் நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட்டை எடைக்கு ஏற்ப ஆரம்பித்து, பி.சி.வி., நாடி, சிறுநீர் மூன்றையும் பார்த்து மணிக்கணக்கில் கூட்டிக் குறைப்பார்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி சிறுநீர் போனால் போதும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து அளந்து எழுதச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். கடுமையான டெங்குவில் கவனிப்பு இல்லாவிட்டால் நூற்றுக்கு இருபது பேர்வரை இறக்கலாம், சரியாகக் கவனித்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது இந்த அளந்து ஊற்றும் வேலைதான்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை, இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும், அவர்களை அறிகுறி வரும்வரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தம்பி அந்தப் பட்டியலில் இல்லை.

சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன். நெருக்கடிக் கட்டத்தின் நடுவில் ஆம்புலன்ஸில் ஏற்றி, புது இடத்தில் கேஸ் ஷீட் முதலிலிருந்து எழுதி, அட்மிஷன் கவுன்ட்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அந்த நேரம் முழுதும் பி.சி.வி. பார்க்க ஆளில்லாமல் போவது நல்லதல்ல. பிளேட்லெட் ஏற்றவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே கேட்டுவிடுங்கள்: இரவில் பி.சி.வி. எடுத்து அரை மணி நேரத்தில் முடிவு சொல்ல இங்கே லேப் உண்டா, அதைப் பார்க்க டூட்டி டாக்டர் உண்டா, தேவைப்பட்டால் ஐ.சி.யூ.வும் ரத்தமும் கிடைக்குமா? ஆம் என்றால் அங்கேயே இருங்கள். இல்லை என்றால், தம்பி நிலையாக இருக்கும் இந்தப் பகல் வேளையிலேயே, டாக்டரிடம் சொல்லி, டிரிப்ஸோடு, இதுவரை எடுத்த எண்களையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த நோயைப் பார்த்துப் பழகிய கைகள் நிறைய.

ஞாயிறு இரவு தாண்டினால் முதலில் பசி திரும்பும். வெள்ளணு ஏறும், அதன் பின்னால்தான் பிளேட்லெட். நாடி 50-க்கு அருகே மெதுவாக ஓடலாம், மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லாதவரை பெரும்பாலும் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கை கால் சிவந்து நடுவே வெளுத்த திட்டுகள் தெரியும், உள்ளங்கையும் பாதமும் ஊரும். அதை மருந்து அலர்ஜி என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. பாராசிட்டமால் இல்லாமலே ஒன்றிரண்டு நாள் காய்ச்சலற்று, சாப்பிட்டு, சிறுநீர் நன்றாகப் போய், டிரிப்ஸ் இல்லாமலே பி.சி.வி. நிலையாக நின்று, பிளேட்லெட் 50,000-ஐத் தாண்டி ஏறுமுகமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றரை லட்சம் வரட்டும் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், வெளியே ஒருவர் அதே கட்டிலுக்குக் காத்திருப்பார். உடம்பு அசதி சில வாரம் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் தேறிய பிறகு எடுத்த பி.சி.வி.யையும் எழுதச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு முறை டெங்கு வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த டாக்டருக்கு முதலில் வேண்டியிருக்கும் எண் அதுதான்.